பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும்

எங்கள் கூட்டத்துக்கு இரண்டே சட்டங்கள். பாட்டைக் கொண்டுவந்தவர், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவர்கள் 'நல்லாருக்கு' என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. எந்த இடம், ஏன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்தச் சட்டத்தை மீறினாலும் தண்டனை ஒன்றுதான்: வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய் அடுப்புக்கு நிலக்கரி அள்ளி வர வேண்டும். கசாக் நாட்டில் எங்கள் ஊரான கரகண்டாவின் ஜனவரிக் குளிரில் அது லேசான தண்டனை இல்லை.

நான் ரினாத். வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவன், டிரம்ஸ் வாசிக்கிறவன். மைக்குதுக் பகுதியில் இரும்புக் கதவுகளோடு வரிசையாக நிற்கும் கார் கொட்டகைகளில் ஒன்று என்னுடையது. சனிக்கிழமை மதியம் ஆனால் என் பழைய லாடா கார் வெளியே பனியில் நிற்கும். உள்ளே டிரம்ஸும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் ஒரு இரும்பு அடுப்பும் நாங்களும் இருப்போம். வீட்டில் பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு வருவார்கள். போட்டுக் கேட்போம். பிறகு பிய்த்து உதறுவோம்.

பிய்ப்பதில் பெரிய கை லெவ் பாக். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிற கொரியக்காரன். இளவயதில் ஒரு குழுவில் கிட்டார் வாசித்தவன். அவன் காதுக்கு எதுவும் தப்பாது. அவன் வாய்க்கும் யாரும் தப்ப மாட்டார்கள். அவனுக்கு நேர் எதிர் வதிம். எதைப் போட்டாலும் 'நல்லாருக்கு' என்பான். எங்கள் அடுப்பு குளிர்காலம் முழுக்க எரிந்தது வதிமின் புண்ணியத்தில்தான்.

குராலாயைக் கூட்டி வந்ததும் வதிம்தான். அவள் பல் மருத்துவர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவளிடம் போனபோது, அறையில் மெல்லிய சத்தத்தில் ஏதோ ராக் பாட்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பஞ்சைக் கடித்துக்கொண்டே 'யார் பாட்டு?' என்று கேட்டிருக்கிறான். அவள் முகம் சிவந்து, "என்னோடதுதான், நீங்க வாயை மூடுங்க" என்றாளாம்.

அடுத்த சனிக்கிழமையே வந்துவிட்டாள். நாற்பதைத் தொட்ட வயது. கையில் ஒரு பாத்திரம் நிறைய பௌர்சாக், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள். சட்டங்களைக் கேட்டதும் சிரித்தாள்.

"தினமும் எதிர்ல உக்காந்திருக்கறவங்க வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு பேச முடியாம முழிப்பாங்க. நான் பேசிக்கிட்டே குடைவேன். இன்னைக்கு நாற்காலி மாறிப்போச்சு. சரி, குடைங்க."

பாட்டைப் போட்டோம். கிட்டார் எழுந்தது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் வேறொன்று. சுவர் அதிர்ந்தது. அடியில் எங்கோ ஒரு பெண் குரல் கசாக்கில் பாடுவது தெரிந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. முடிந்ததும் வதிம், "நல்லாருக்கு!" என்றான். நான் வாளியைக் காட்டினேன். அவன் பெருமூச்சு விட்டபடி எழுந்து போனான்.

லெவ் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். "டாக்டர், கிட்டார் எத்தனை அடுக்கு? பேச வேணாம், விரல்ல காட்டுங்க."

அவள் ஆறு விரல்களைக் காட்டினாள்.

"ஆறு. நான் என்ன கேட்டேன்னு சொல்றேன். ஆறு கம்பளிக் கோட்டுக்கு அடியில யாரோ மாட்டிக்கிட்டுப் பாடறாங்க. ஆள் யாருன்னு தெரியல, என்ன சொல்றாங்கன்னும் தெரியல. காப்பாத்தலாமான்னு யோசிக்கறதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோச்சு."

"கோட்டு இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டாள் குராலாய்.

லெவுக்கே ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விவரம் வந்தது. அவள் வீடு ஒன்பது மாடிக் கட்டிடத்தில் நடு மாடி. சுவர்கள் அட்டை மாதிரி. அதனால் துணி அலமாரிக்குள் நுழைந்து, குளிர்கோட்டுகளுக்கு நடுவில் மைக்கைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பாடியிருக்கிறாள். நாங்கள் சிரித்து முடிக்க வெகு நேரமானது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். கரி அள்ளி வந்திருந்த வதிமிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டு அவளும் ஒரு நடை போய் வந்தாள்.

அவள் முறை வந்தபோது குரலில் சூடு இருந்தது. "அது வேணும்னேதான் அப்படி வெச்சேன். ராக் பாட்டுன்னா கிட்டார் முன்னாடி நிக்கணும்."

"கிட்டார் முன்னாடி நிக்கட்டும். நீங்க ஏன் பின்னாடி ஒளியறீங்க?" என்றான் லெவ்.

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பௌர்சாக் பாதிக்கு மேல் மீதி இருந்தது. "ஏன்டா, பௌர்சாக் தீர்ற வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா?" என்று வதிம் லெவைத் திட்டினான்.

இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டில் அவளுக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. பிற்பாடு அவளே சொன்னாள். அவள் கணவன் தௌரென் ரயில்வேயில் இரவு வேலை பார்ப்பவன், பகலில் தூங்குவான். நல்ல மனிதன், மனைவியின் பாட்டை எப்போதும் புகழ்வான். அன்று மாலை எழுந்தவனிடம் ஹெட்போனை மாட்டி, "நிஜமா சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவன் கண்ணை மூடித் தலையாட்டி, "அருமை, குராலாய், அருமை!" என்றானாம். அப்போதுதான் பார்த்திருக்கிறாள்: ஹெட்போனின் வயர் எதிலும் சொருகப்படாமல் தரையில் கிடந்தது.

"அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன்," என்றாள். "திட்டினாலும் பரவாயில்ல, காதைக் குடுத்துக் கேக்கற ஆள்கிட்டதான் போகணும்னு."

வந்தாள். இந்த முறை கிட்டார் இரண்டே. குரல் முன்னால் வந்துவிட்டது. முதல்முறையாகப் பாட்டின் சொற்கள் எங்கள் காதில் விழுந்தன. சின்ன வயதில் அழுதால் அம்மா வாயைப் பொத்துவாள்: மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். சிரித்தால் அத்தை முறைப்பாள்: மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கல்யாணமாகி முதல் சண்டை, முதல் முத்தம், பெற்று இழந்த ஒரு குழந்தை, எல்லாவற்றிலும் அதே வாக்கியம். கடைசியில் பல்லவி திரும்பிக்கொள்ளும்: கேட்கட்டும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கட்டும்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. லெவுக்குத் தெரிந்தது.

"வார்த்தை அருமை. 'முதல் முத்தம்'னு சொன்ன பிறகு ஒரு நொடி நிறுத்தறீங்க பாருங்க, அங்க எனக்கு மூச்சு நின்னுச்சு. ஆனா குரலை கம்ப்யூட்டர்ல போட்டு இழைச்சிருக்கீங்க. சுருதி அணு அளவு பிசகல. மூச்சு சத்தத்தைக்கூட வெட்டிட்டீங்க. பொய்ப்பல்லு மாதிரி இருக்கு, டாக்டர். வெள்ளையா, வரிசையா இருக்கு. கடிக்கத்தான் மாட்டேங்குது."

எல்லோரும் பேசி முடிக்கும்வரை குராலாய் காத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பொய்ப்பல்லைப் பத்தி நீங்க பேசறீங்களா? நீங்க இடது பக்கம் மென்னு நான் பாத்ததே இல்ல. போன தடவை பௌர்சாக்கை டீயில நனைச்சுத் தின்னீங்க. பேசும்போதெல்லாம் தாடையைப் பிடிச்சுக்கறீங்க. கீழ்க் கடைவாய், இடது. எத்தனை மாசமா வலி?"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. லெவ் காதுவரை சிவந்தான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"பயமா?"

"நேரமில்ல."

"பயம்தான்," என்றேன் நான். "நல்ல கேள்வி கேட்டீங்க டாக்டர், இவன் ஒரு வருஷமா பூண்டு வெச்சுக் கட்டிக்கிட்டுத் திரியறான்."

"நான் ரெண்டு தடவை உங்க நாற்காலியில உக்காந்துட்டேன்," என்றாள் குராலாய். "ஒரு தடவை என் நாற்காலிக்கு வாங்க. வரலைன்னா இனிமே இங்க யாரையும் பயந்தவங்கன்னு சொல்லக் கூடாது."

லெவ் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பல்கலைக்கழகத்தில் இருநூறு பேரை ஒரே பார்வையில் அடக்குகிற மனிதன், அந்த நாற்காலியில் சாய்ந்ததும் என்னிடம் தொப்பியைக் கொடுத்து, "போயிடாதே" என்றான்.

குராலாய் மரத்துப்போகும் ஊசி போட்டாள். பிறகு அவன் வாயில் கருவியை வைத்தபடியே சொன்னாள்: "பாட்டைத் திரும்பப் பதிவு பண்ணியிருக்கேன். இழைக்கல, வெட்டல, மூச்செல்லாம் அப்படியே இருக்கு. இப்ப போடப்போறேன். நீங்க பேச முடியாது, அதுதான் வசதி. வலிச்சா மட்டும் இடது கையைத் தூக்குங்க."

பாட்டு ஓடியது, குடையும் கருவியும் ஓடியது. இரண்டில் எது கொடுமை என்று அவன் கண்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதல் சரணம் போனது, இரண்டாவது போனது. குரல் இப்போது நிஜமான குரலாக இருந்தது. லேசாகக் கரகரத்தது, ஓரிடத்தில் தழுதழுத்தது. கடைசிப் பல்லவி வந்தது. லெவின் இடது கை விருட்டென்று மேலே போனது.

குராலாய் பதறிக் கருவியை எடுத்தாள். "வலிக்குதா? மரத்துப்போயிருக்கணுமே!"

லெவ் இல்லையென்று தலையை ஆட்டினான். விரலால் ஸ்பீக்கரைக் காட்டினான்.

அவள் முகம் மாறியது. பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். அதே இடம், 'கேட்கட்டும்' என்ற சொல். கை மறுபடி எழுந்தது. மூன்றாவது முறையும் எழுந்தது. இதற்கிடையில் பல்லை வேறு அடைத்தாக வேண்டும், அடைத்தாள். கச்சிதமாகத்தான் அடைத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

எழுந்து உட்கார்ந்த லெவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எச்சில் வழிய வழியப் பேசினான். "நீ... கத்தலை."

"என்ன?"

"கத்தலைன்னு சொல்றான்," என்று மொழிபெயர்த்தேன்.

"கத்தற மாதிரி இருக்கு. ஆனா கத்தலை. மெதுவா பாடி, அதை ரெண்டு அடுக்காக்கி, கம்ப்யூட்டர்ல சத்தத்தைக் கிழிச்சு, கத்தின மாதிரி பண்ணியிருக்கே." கோணல் வாயைக் கையால் பிடித்துக்கொண்டான். "குராலாய், பக்கத்து வீட்டுக்குக் கேக்கட்டும்னு பாடறே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு அலமாரிக்குள்ள நின்னு கிசுகிசுன்னு பாடறே."

'நீங்க' என்பதிலிருந்து 'நீ'க்கு மாறியதை மூவருமே கவனித்தோம். குராலாய் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "பதிவு பண்ணும்போதே தெரியும். யாராவது கண்டுபிடிச்சுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நான் எங்க போய்க் கத்துவேன் லெவ்? ஒரு பக்கச் சுவர்ல தட்டுவாங்க. மேல கைக்குழந்தை. உள்ள புருஷன் தூங்கறாரு. என் கொட்டகைக்கு வான்னு ரினாத் சொல்வாரு, ஆனா உங்க எதிர்ல எனக்குக் கத்த வராது."

ஒரு வாரம் சூடானது எதையும் தின்னாதே என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்து நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அலமாரியிலிருந்த கோட்டுகளையெல்லாம் வாரிக் காரில் போட்டுக்கொண்டு தெமிர்தாவ் சாலையில் கிளம்பினாள். ஊர் முடிந்து, சுரங்கத்து மண்மேடுகள் முடிந்து, வெறும் வெள்ளைப் புல்வெளி மட்டும் இருந்த இடத்தில் பக்கத்துப் பாதை ஒன்றில் திரும்பி வண்டியை நிறுத்தினாள். எதிரொலி வரக் கூடாதென்று கண்ணாடிகளின் உட்புறம் கோட்டுகளை மாட்டினாள். பின்பார்க்கும் கண்ணாடியில் மைக்கைத் தொங்கவிட்டாள். இன்ஜின் சத்தம் மைக்கில் விழும், அதனால் அதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் வெப்பமும் போய்விடும். நிறுத்தினாள். குளிர் கதவிடுக்கில் நுழைந்து கால்விரலைப் பிடித்தது. லேப்டாப்பின் சார்ஜ் கண்ணெதிரே இறங்கியது.

முதல் முறை பாடியபோது குரல் வரவில்லை. சுற்றிலும் காத தூரத்துக்கு ஆளே இல்லை என்று தெரிந்தும், 'கேட்கட்டும்' என்ற இடத்தில் தொண்டை தானாகச் சுருங்கிக்கொண்டது. இரண்டாம் முறையும் அப்படியே.

"அப்பத்தான் எனக்கு என் மேலயே கோவம் வந்துச்சு," என்றாள். "சுவரும் இல்ல, வீடும் இல்ல. அப்பவும் நான் மெதுவா பாடறேன்னா, யாரு என் வாயைப் பொத்தியிருக்கறது? நானேதானே?"

மூன்றாம் முறை கத்தினாள். பாட்டு முடிந்த பிறகும் கத்தினாள். குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லிக் கத்தினாள். மூச்சுப் புகையில் கண்ணாடியெல்லாம் மங்கிப்போனது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கோட்டை விலக்கிப் பார்த்தால் ஒரு குதிரையின் மூக்கு. அதற்கு மேலே, மீசையில் பனி உறைந்த ஒரு மேய்ப்பர். சாட்டைக் கம்பால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி! யாரு உன்னை அடிச்சது? உள்ள யாரு இருக்கா, கதவைத் திற!"

"யாரும் இல்லண்ணே. பாட்டு பாடறேன்."

அவர் குனிந்து பின்சீட்டு வரை நோட்டம் விட்டார். ஆள் இல்லை என்று உறுதியானதும் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "பாட்டா? என் குதிரையெல்லாம் அந்தக் கோடிக்கு ஓடிடுச்சும்மா. இதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் ஓநாய் வராது."

இன்னும் ஒருமுறை பாட வேண்டும் என்றாள் அவள். பாடு, நான் குதிரைகளைப் பிடித்து வைக்கிறேன் என்றார் அவர். அந்தப் பதிவில்தான் எல்லாம் அமைந்தது. கடைசிப் பல்லவி முடியும் இடத்தில், அவள் குரல் அடங்கிய அதே நொடியில், வெளியே அவருடைய குதிரை நீளமாக ஒரு கனைப்புக் கனைத்தது. அதுவும் மைக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து தௌரென் எழும்வரை காத்திருந்தாள். வயரைத் தன் கையாலேயே சொருகினாள். அவன் கேட்டான். 'அருமை' என்று சொல்லவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டானாம்: "நான் தூங்கறேன்னா இத்தனை வருஷமா மெதுவா பாடினே?"

அவன் எழுந்துபோய் டீ போட்டான். பாதி போடும்போதே திரும்பி வந்து, "அந்த மூணாவது சரணத்துல குழந்தையோட பேரைச் சொல்லாம விட்டுட்டே. விட்டதுதான் சரி" என்றான்.

சனிக்கிழமை பாட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் ஸ்பீக்கரைத் திருகினேன். சொல்ல அதிகம் இல்லை. கடைசிப் பல்லவியில் அந்தக் குரல் வந்தபோது, அடுப்பின் மேலிருந்த கெண்டி மூடி கிணுகிணுத்தது. வதிம் எழுந்து நின்றுவிட்டான். லெவ் கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு அந்தக் கனைப்பு வந்தது.

"குதிரை!" என்று கத்தினான் வதிம். "எங்க பிடிச்சீங்க? இது போதும், இது ஒண்ணு போதும்! உலகத்துல எவன் கேட்டாலும் அசந்துபோவான்!"

லெவும் ஒப்புக்கொண்டான். "விலைக்கு வாங்க முடியாத சத்தம். அதோட முடி. வேற எதுவும் வேணாம்."

நானும் ஆமோதித்தேன். எல்லோரும் பேசி முடித்தோம். அவள் முறை வந்தது.

"குதிரையை எடுக்கப்போறேன்," என்றாள்.

"பைத்தியமா உனக்கு?" என்றான் லெவ்.

"கேளுங்க. இப்ப நீங்க மூணு பேரும் எதைப் பத்திப் பேசினீங்க? குதிரையைப் பத்தி. நான் கால் விறைச்சு, தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். அதைப் பத்தி ஒருத்தராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா? கசாக்குப் பொண்ணு பாடறா, பின்னாடி குதிரை கனைக்குது. எல்லாரும் ஊர் சுத்திப்பாக்க வந்தவங்க மாதிரி படம் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. என்னை யாரு கேப்பா?"

லெவ் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். "இன்னொரு தடவை போடு, ரினாத். குதிரைக்கு முன்னாடி நிறுத்து."

நிறுத்தினேன். குரல் அடங்கியது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் எங்கள் மூவரின் மூச்சுச் சத்தமும் அடுப்புக்குள் கரி வெடிப்பதும் கேட்டன.

"அவ சொல்றது சரி," என்றான் லெவ். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாங்க மூணு பேரும் தப்பு."

லாடாவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து, வண்டியின் சின்ன ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தோம். அதிலும் பாட்டு எடுபட்டது.

திரும்பி வந்ததும் குராலாய் கோட்டைப் போட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் லெவோட பாட்டு" என்றாள்.

எல்லோரும் லெவைப் பார்த்தோம். லெவிடம் பாட்டுகள் இருப்பது எங்களுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட அவன் கொண்டுவந்ததில்லை. கேட்கிற துணிச்சலும் எங்களுக்கு இருந்ததில்லை.

"என்னோடதெல்லாம் இன்னும் முடியல," என்றான்.

"என்னோடது முடிஞ்ச பிறகா கொண்டு வந்தேன்?"

கொண்டுவந்தான். ஒரு வாரம் தவறி, அடுத்த வாரம். வழக்கமாக நடு ஸ்டூலில் உட்காருகிறவன், அன்று கதவோரமாக நின்றான். பாட்டு தொடங்கியது. அழகான கிட்டார், பின்னல் பின்னலாக. போய்க்கொண்டே இருந்தது. பிறகு குரல் வந்தது. தஷ்கெந்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய தன் அப்பாவைப் பற்றிய பாட்டு. முடிந்ததும் வதிம் கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிட்டார்... வந்து, சுத்தமா இருக்கு" என்றான். நானும் ஏதோ சுற்றி வளைத்தேன்.

குராலாய் சுற்றி வளைக்கவில்லை. "என் காது எங்க போச்சுன்னு சொல்றேன். தொடக்கத்துல கிட்டாரோட போச்சு. கொஞ்ச நேரத்துல அலுத்துப்போய் அடுப்பைப் பாக்கப் போயிடுச்சு. நீ வாசல்ல செருப்பை வரிசையா அடுக்கி வைக்கறே லெவ், உள்ள வாங்கன்னு சொல்லவே மாட்டேங்கறே. பாட்டு எங்க தொடங்குது தெரியுமா? 'அப்பா பெட்டியைக் கீழ வைக்கல'ங்கற வரியில. அதுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் பயம்."

லெவ் கதவில் சாய்ந்துகொண்டான்.

"அப்புறம் உன் குரல்," என்றாள். நின்றாள். சொல் தேடினாள், கிடைக்கவில்லை. "குரல் நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு."

"எந்த இடம், ஏன்?" என்றான் வதிம், ஆசையோடு வாளியை நீட்டியபடி. இந்த ஒரு நாளுக்காக அவன் எத்தனை நடை நடந்திருப்பான்!

அவள் சிரித்துக்கொண்டே வாளிக்குக் கை நீட்டினாள். லெவ் முந்திக்கொண்டு அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனான். வாளியை நிரப்ப அதிக நேரமாகாது. ஆனாலும் அவன் வர வெகு நேரமாயிற்று. வந்தபோது இமையெல்லாம் பனி. கரியைக் கொட்டிவிட்டுச் சொன்னான்: "அந்த வரியில இருந்தே தொடங்கிடறேன்."

இப்படித்தான் நாங்கள் ஒரு குழுவானோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை லெவ் கிட்டாரைக் கொண்டுவந்தான், வதிம் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தான், நான் டிரம்ஸில் உட்கார்ந்தேன், அவள் மைக்கைப் பிடித்தாள். எனக்கும் விழுந்தது அடி. "ரினாத், உங்க சிம்பல் தட்டு காலிக் கோப்பையில ஸ்பூனைப் போட்டு ஆட்டற மாதிரி இருக்கு," என்றாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வாசிப்பை மாற்றினேன். அவள் சொன்னது உண்மை.

மார்ச்சில், நௌரிஸ் என்னும் வசந்தப் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு அடுத்த வாரம், ஊரின் பழைய சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி. ஐந்து குழுக்கள். நாங்கள் நான்காவது. மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுக்காரர்கள். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பையன் எங்களைப் பார்த்துவிட்டு, "பெத்தவங்க உக்கார இடம் மாடியில இருக்கு" என்று மரியாதையாகச் சொன்னான். வதிம் அவனுக்கு நன்றி சொன்னான்.

எங்களிடம் இருந்தவை மொத்தம் மூன்று பாட்டுகள். முதலில் வதிமின் பாட்டு, வாசித்தோம், கைதட்டினார்கள். அடுத்தது லெவின் பாட்டு. முதல் சொல்லே 'அப்பா'. கூட்டம் பேச்சை நிறுத்தியது. கிட்டாருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த மனிதன், பாட்டின் பாதியில் நிமிர்ந்து எதிரே பார்த்தான்.

கடைசியாகக் குராலாயின் பாட்டு. தௌரென் விடுப்பெடுத்து வந்து முன்வரிசையில் நின்றிருந்தான். அவள் முதல் சரணத்தை அவனைப் பார்த்துத்தான் பாடினாள். பிறகு யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பல்லவி முதல்முறை வந்தபோது முன்னால் நின்ற பெண்கள் சிலர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். 'மெதுவா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்' என்பது அவர்கள் வீட்டிலும் சொல்லப்பட்ட வாக்கியம்தான். இரண்டாம் முறை வந்தபோது உதடுகள் அசைந்தன. கடைசிப் பல்லவிக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வாசிப்பதை நிறுத்த வேண்டும். ஒரு நொடி இடைவெளி, அதில் அவள் மட்டும். நிறுத்தினோம்.

அவள் கத்தினாள்.

காரிலும் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். என் டிரம்ஸின் தோல் அதிர்ந்ததை விரல் நுனியில் உணர்ந்தேன். அடுத்த அடியை நான் போடுவதற்குள் கூடமே திருப்பிக் கத்தியது: "கேட்கட்டும்!" மாடியிலிருந்தும் வந்தது. அந்தப் பெற்றோர் வரிசைகளிலிருந்து, கம்பளித் தொப்பியும் கைப்பையுமாக உட்கார்ந்திருந்த அம்மாக்களிடமிருந்து வந்தது. ஒருத்தி எழுந்து நின்று, வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக் கத்தினாள். பல்லவி நான்கு முறையில் முடிய வேண்டும். முடிக்க விடவில்லை. ஏழெட்டு முறை போயிருக்கும். எனக்குக் கை விட்டுப்போயிற்று. நிறுத்த மனம் வரவில்லை. லெவ் என் பக்கம் திரும்பி வாய் நிறையச் சிரித்தான்.

முடித்து இறங்கப் போனோம். விடவில்லை. 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று காலால் தரையை உதைத்தார்கள். அடுத்து ஏற வேண்டிய குழுவின் பையன்களே உதைத்தார்கள்.

"நம்மகிட்ட வேற பாட்டு இல்லையே," என்றான் வதிம் திகைத்துப்போய்.

"இருக்கறதையே பாடுவோம்," என்றாள் குராலாய். முகமெல்லாம் வேர்வை. "மூணாவது சரணத்துல ஓடறோம். ரினாத், கொஞ்சம் நிதானமா. லெவ், நீ இன்னும் சத்தமா வை, பயப்படாதே, என் குரல் கேக்கும்."

"சரி டாக்டர்," என்றான் லெவ்.

குச்சிகளைத் தட்டி நான் எண்ணிக்கை கொடுத்தேன். மறுபடியும் அதே பாட்டை முதலிலிருந்து தொடங்கினோம். கடைசிப் பல்லவி வந்தபோது அவள் மைக்கை விட்டு இரண்டு அடி பின்னால் வந்து, என் டிரம்ஸை ஒட்டி நின்று, வெறும் தொண்டையால் பாடினாள். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.